ஏஐ உதவியைச் சொல்வதா, மறைப்பதா, எப்படிச் சொல்வது?

ஏஐ துணையோடு எழுதுகிறவருக்கு நாலு வழிகள் உண்டு. எதையும் சொல்லாமல் விடலாம், பதிப்பகத்திடம் மட்டும் சொல்லலாம், 'ஏஐ உதவியுடன் எழுதப்பட்டது' என்று ஒரு வரி போடலாம், அல்லது எதற்குப் பயன்படுத்தினோம் என்று விவரமாகச் சொல்லலாம்.

சொல்லாமல் விடுவதைச் சட்டென்று தப்பு என்று சொல்லிவிட மாட்டேன். ஒற்றுப்பிழை திருத்தியதை எல்லாம் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. பத்தி பத்தியாக எழுத வைத்துவிட்டு மௌனம் காப்பதுதான் சிக்கல். எல்செவியர் வெளியிட்ட ஓர் அறிவியல் கட்டுரையின் முன்னுரை, 'நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற முன்னுரை இதோ' என்ற பொருளில், ஏஐ பதில் சொல்லும் வரியோடேயே தொடங்கியது. 2024 மார்ச்சில் அது ஊரே சிரித்த விஷயமானது. இப்படித் தானாக மாட்டிக்கொண்டால்தான் உண்டு. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, தன் சோதனையிலேயே ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்த ஒரு கருவியை வெளியிட்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தையும் ஏஐ என்றது அது. 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பதிப்பகத்திடம் மட்டும் சொல்வது எழுதுகிறவரே புத்தகம் வெளியிடும் அமேசான் கிண்டில் தளத்தில் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கும் நடைமுறை. ஏஐ உருவாக்கிய உரை என்றால் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். திருத்த உதவி மட்டும் என்றால் வேண்டாம். புத்தகம் வாங்குகிறவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்வதில்லை.

ஒற்றை வரி நேர்மையாகத் தெரியும், பயன் குறைவு. சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் 'சிநெட் மணி ஸ்டாஃப்' என்ற பெயரில் ஏஐ எழுதிய நிதிக் கட்டுரைகள் வந்தன. உண்மை எழுதியிருந்தது, ஆனால் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தவருக்கு மட்டும். 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் வருமானம் என்றது ஒரு கட்டுரை. வட்டி 300 டாலர்தானே! 2023 ஜனவரியில் 77 கட்டுரைகளைச் சரிபார்த்து 41-ல் திருத்தம் போட்டார்கள். கணக்கை யார் பார்த்தது என்று அந்த ஒரு வரி சொல்லவில்லை.

என் ஓட்டு நாலாவதுக்கு. அதிலும் சதவீதக் கணக்கு வேண்டாம். ஜப்பானிய எழுத்தாளர் ரியே குதான் 2024 ஜனவரியில் அகுதகவா என்ற இலக்கிய விருது பெற்றபோது, நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்தது என்றார். அந்த 5 தான் உலகம் சுற்றியது. அது கதையில் வரும் ஏஐயின் பதில்களுக்குத்தான் என்பது அந்த வேகத்தில் போகவில்லை.

எந்த இடம், யார் சரிபார்த்தது, இது போதும். 'அறிக்கையைச் சுருக்க சாட்ஜிபிடி, எண்களை மூலத்தோடு ஒப்பிட்டேன், வாக்கியங்கள் என்னுடையவை.' இதைக் கட்டுரையின் தலைப்புக்கு அடியிலேயே போடுங்கள். கடைசி வரி வரைக்கும் எல்லோரும் வருவதில்லை.