ஸ்ப்ரூஸ் கன்றும் கூன்வண்டும்: மணல் பூச்சோடு ஐந்து வருஷம்

நட்டு ஆறு வாரம்கூட ஆகாத ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்று. ஊசியிலை எல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. மண்டியிட்டு அடித்தண்டைப் பார்த்தேன்; மண்ணுக்கு ஒரு விரல் மேலே சுற்றிலும் பட்டையைக் காணோம். வெளுத்த கட்டை தெரிந்தது, ஓரத்தில் பிசின் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. கொஞ்ச நாளில் கன்று செம்பழுப்பாகிச் செத்துப்போனது. முதல் வருஷம் இப்படி வரிசை வரிசையாக இழந்தேன்.

பைன் கூன்வண்டு செய்கிற வேலை இது. அறிவியல் பெயர் ஹைலோபியஸ் அபியெடிஸ். ஒரு சென்டிமீட்டர் நீளம், கரும்பழுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள், நீண்ட மூக்கு. புதிதாக வெட்டிய ஊசியிலை மரங்களின் அடிக்கட்டை வாசனைக்குப் பறந்து வரும். அந்தக் கட்டையின் வேர்ப் பட்டையில் முட்டையிடும். புழு உள்ளேயே வளர்வதால் நாற்றுக்கு அதனால் தொல்லை இல்லை. வளர்ந்த வண்டுதான் இளம் பட்டையைக் கடித்துத் தின்கிறது. குளிர் பிரதேசத்தில் முட்டை வண்டாக இரண்டு வருஷம்கூட ஆகும். அதனால் மரம் வெட்டிய பிறகு முதல் மூன்று வருஷமும் ஆபத்துதான். சில வருஷம் காத்திருந்து நடலாமே என்றால், அதற்குள் புல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

பூச்சிமருந்தில் தோய்த்த நாற்றுகள்தான் ஒரு காலத்தில் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தைத் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து தடை செய்தது. நடுபவர்கள் நாள் முழுக்க மருந்து பூசிய தண்டையே தொட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால், அந்தத் தடையில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நான் முதலில் வாங்கியது தண்டைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை. மாட்டுவதற்கே நேரம் போய்விடும். அப்புறம் பக்கத்துப் புல் வளர்ந்து உறைமேல் சாய்ந்ததும் வண்டு அதையே பாலமாக்கி ஏறிவிட்டது. அடுத்து மெழுகு பூசிய நாற்று. முதல் வருஷம் நன்றாகவே காத்தது. தண்டு பருத்ததும் மெழுகு வெடித்தது, அந்த வெடிப்பில்தான் கடி விழுந்தது.

மணல் பூச்சுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஸ்வீடனில் உருவான முறை இது. கோனிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. நாற்றங்காலிலேயே தண்டின் கீழ்ப்பாதியில் பசை தெளித்து, மிக நுண்ணிய மணலை ஒட்டுகிறார்கள். மணலைத் தாண்டி வண்டால் பட்டையைக் கடிக்க முடிவதில்லை. பசை நெகிழ்வானது, தண்டு பருக்கும்போது கூடவே இழுபடும். இரண்டாம் கோடையின் முடிவிலும் விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். ஒரே குறை, கையுறை சீக்கிரம் தேய்ந்துபோகும். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூச்சு மட்டும் போதாது. ஒரு சரிவில் அவசரத்தில் மண்ணைக் கிளறாமல், மக்கிய இலைக்குப்பையும் பாசியும் மூடிய தரையிலேயே பூச்சு நாற்றை நட்டேன். வண்டு பூச்சுக்கு மேலே ஏறிக் கடித்திருந்தது. அதே வாரம், அதே வகை நாற்று, மக்கிய குப்பையை விலக்கி அடியிலுள்ள வெறும் கனிம மண் தெரியக் கிளறிய இடத்தில் பெரும்பாலும் தப்பியது. வெறும் மண்ணில் வண்டு தயங்காமல் நடந்து போய்விடும், நின்று தின்பது குறைவு. நாற்றைச் சுற்றி ஒரு சாண் அளவாவது வெறும் மண் இருக்கட்டும். மழையில் அடித்து வந்த குப்பை அதை மூடிவிட்டால் திரும்ப விலக்குங்கள்.

நாற்றின் பருமனும் முக்கியம். பென்சில் கனத் தண்டு கொஞ்சம் கடிபட்டாலும் பிசின் வடித்துத் தேறிவிடும். குச்சி போன்ற நாற்று ஒரே இரவில் வளையமாகப் பட்டை இழந்து போகும். பூச்சு நாற்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைப் பாருங்கள்.

இப்போது என் முதல் மணல் பூச்சு வரிசை இடுப்பளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது. பட்டை தடித்துவிட்டதால் வண்டு அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வருஷம் மரம் வெட்டிய பக்கத்து நிலத்துண்டுக்கு மண் கிளறும் இயந்திரம் வந்தாயிற்று, நாற்று அடுத்த வசந்தத்தில்.