கேசட் கச்சேரிகளுக்கு எந்த மோட்: சிபிஆரா, விபிஆரா?

பழைய கச்சேரி கேசட்டுகளை எம்பி3 ஆக்க உட்கார்ந்தால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற அளவு) மோட் எது என்று கேட்கும். ஒரே பிட்ரேட்டில் ஓடும் சிபிஆரா, இடத்துக்கு இடம் கூடிக் குறையும் விபிஆரா? விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் விபிஆர் என்பார்கள். நான் எல்லாவற்றையும் 192 கேபிபிஎஸ் சிபிஆரில்தான் போட்டேன்.

விபிஆரின் நியாயம் தெரிந்ததுதான். தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனியாவர்த்தனத்தில் பிட் அதிகம், தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் குறைவு. சிடியிலிருந்து எடுப்பதென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்கோடரில் வி2 என்ற விபிஆர் தர அளவை வைத்தால் சராசரி 190 கேபிபிஎஸ் பக்கம் வரும், காதுக்குக் குறை தெரியாது. கேசட்டில் கதை வேறு. டேப் இரைச்சல் ஒரு நொடிகூட ஓய்வதில்லை, இரைச்சலைச் சுருக்குவதும் கடினம். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியிலும் என்கோடர் அதற்கு பிட் செலவழித்துக்கொண்டே இருக்கும். சிபிஆரும் நினைப்பதுபோல் அவ்வளவு விறைப்பு இல்லை. எளிதான ஃபிரேமில் (எம்பி3யில் ஒலியின் ஒரு சிறு துண்டு) மிச்சமான பிட்டை அடுத்து வரும் ஃபிரேமுக்குக் கொடுக்க, பிட் ரிசர்வாயர் என்று ஓர் ஏற்பாடு எம்பி3யிலேயே உண்டு.

ஆனால் நான் சிபிஆர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒலித்தரம் இல்லை. பாட்டுக்குள் வேண்டிய இடத்துக்குத் தாவுவதுதான். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ராகம் தானம் பல்லவி ஓடும் பக்கத்தைத் துண்டுதுண்டாக வெட்ட மனம் வராது, ஒரே ஃபைலாகத்தான் வைப்போம். 192 சிபிஆரில் நொடிக்கு 24,000 பைட். முப்பதாவது நிமிடம் வேண்டுமென்றால் பிளேயர் ஒரு பெருக்கல் போட்டு நேராக அங்கே போய்விடும். விபிஆரில் அந்தக் கணக்கு செல்லாது. அதற்காக ஃபைலின் தொடக்கத்தில் 100 புள்ளிகள் கொண்ட அட்டவணை ஒன்றை என்கோடர் எழுதி வைக்கிறது. நாலு நிமிட சினிமாப் பாட்டில் புள்ளிக்குப் புள்ளி 2.4 நொடி, யார் கவனிக்கப் போகிறார்கள்? 45 நிமிடத்தில் அதுவே 27 நொடி. நடுவில் இருப்பதெல்லாம் உத்தேசம்.

அட்டவணையையே பார்க்காத பிளேயர்கள் இன்னும் மோசம். முதல் ஃபிரேமின் பிட்ரேட்டை வைத்தே மொத்த நீளத்தைக் கணித்துவிடும். என் காரிலுள்ள பழைய பிளேயர், சோதனைக்காக விபிஆரில் போட்ட 45 நிமிடப் பக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று காட்டியது. தானத்துக்குத் தாவினால் அதற்கு முந்தைய ராகத்திலேயே போய் விழும். அப்புறம், எம்பி3யை அப்படியே வெட்டி ஒட்டும் சில செயலிகள் பழைய அட்டவணையைத் திருத்தாமல் விட்டுவிடும், அப்போதும் இதே தொல்லை. போனில் மட்டும் கேட்பவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் பார்த்த ஒன்றிரண்டு ஆப்கள் சரியாகவே தாவின.

இடம் அடைக்குமே என்றால், ஒரு பக்கத்துக்கு 65 எம்பி. 64 ஜிபி பென்டிரைவில் 900 பக்கத்துக்கு மேல் போகும். ஒரு வீட்டில் அவ்வளவு கேசட் இருந்தால் அது வேறு பிரச்சினை.

சேனல் மோடில் ஜாயின்ட் ஸ்டீரியோவை அப்படியே விடலாம். லேம் அதில் செய்வது, தேவைப்படும் இடத்தில் இடதையும் வலதையும் கூட்டியும் கழித்தும் எழுதுவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. மோனோவில் பதிவான கச்சேரியை மோனோவாகவே மாற்றினால் இரைச்சலும் சற்றுத் தணியும். ஆனால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் விலகியிருந்தால், இடதும் வலதும் சேரும்போது கஞ்சிராவின் ஜல்லோசை மங்கிப்போகும். ஒரு துண்டை மாற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எந்த மோட் ஆனாலும் முதலில், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாளைக்கு விபிஆர்தான் வேண்டும் என்று தோன்றினாலும் அந்த டேப்பை மறுபடி ஓட்ட வேண்டியிருக்காது.