டாலர் நாணயமா, 20 டாலர் தாளா?

பெண்களையும் குடிமை உரிமைப் போராளிகளையும் பணத்தில் இடம்பெறச் செய்ய அமெரிக்கா மூன்று வழிகளை நாடியுள்ளது: ஒரு டாலர் நாணயம், கால் டாலர் நாணயம், 20 டாலர் தாள். முதல் இரண்டும் என் சேகரிப்பில் இருக்கின்றன. ஆயினும் எது பெரிய மரியாதை என்று கேட்டால், 2016இல் அறிவிக்கப்பட்டு இன்றும் வெளிவராத, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹாரியட் டப்மனின் 20 டாலர் தாளையே சொல்வேன்.

வடிவழகைப் பற்றி வாதிடத் தேவையில்லை. மூன்றிலும் அதற்கு இடமுண்டு. மக்களிடையே புழங்குமா என்பதே என் அளவுகோல். வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் உருவம் பொறித்த டாலர் நாணயம் 1979இல் மட்டும் 75 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டது. கால் டாலரைவிட அதன் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே அதிகம், நிறமும் ஒன்றே என்பதால் மக்கள் குழம்பினர். 2000இல், லூயிஸ்-கிளார்க் ஆய்வுப் பயணத்துக்கு உதவிய பழங்குடிப் பெண் சகாகவியாவின் டாலர் நாணயம் பொன்னிறத்தில் வந்து அந்தக் குழப்பத்தை நீக்கியது; அப்போதும் அது புழக்கத்தில் ஊன்றவில்லை. பழகிய ஒரு டாலர் தாளை அரசு நிறுத்தாதவரை, கனமான நாணயத்தை விரும்பிச் சுமப்பவர் குறைவு. கனடா 1987இல் டாலர் நாணயத்தை வெளியிட்டு, 1989இல் தாளை நிறுத்தியதால்தான் அங்கே நாணயம் நிலைத்தது.

கால் டாலர் இதைவிட மேல். 2022 முதல் 2025 வரை, எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தொடங்கி 20 பெண்கள் அதில் இடம்பெற்றனர்; அவை சில்லறையோடு சில்லறையாகக் கலந்தும் விட்டன. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பின்பக்கம், முன்பக்கம் வாஷிங்டனுடையதே.

20 டாலர் தாளோ அமெரிக்கப் பண இயந்திரங்கள் வழக்கமாகத் தரும் தாள். புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், எவரும் தவிர்க்க முடியாத ஒன்றின் முன்பக்கத்தையே மாற்றுவதால், டாலர் நாணயத்துக்கு நேர்ந்த கதி இதற்கு நேராது. அடிமை நிலையிலிருந்து தப்பிப் பலரை மீட்ட பெண், இப்போது அத்தாளில் உள்ள, அடிமைகளை வைத்திருந்த முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் இடத்தைப் பெறுவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஜாக்சனைப் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளும் திட்டத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ரொக்கப் புழக்கம் குறைந்துவரும் காலத்தில் தாளின் இந்த வலிமை எவ்வளவு நாள் நீடிக்கும் என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். அதனால்தான் தாமதம் வருத்துகிறது: இனப் பாகுபாட்டை எதிர்த்த கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்டின் உருவத்தோடு கனடா 2016இல் அறிவித்த 10 டாலர் தாள் 2018இலேயே மக்கள் கைக்கு வந்துவிட்டது.