ஜி.பி.டி. கம்பேர் ரிவ்யூ: எதனால சாகறோம்னு பார்க்க ஒரு ஃப்ரீ வெப்சைட்

(பேரைப் பார்த்துட்டு சாட்ஜிபிடிக்கு சொந்தம்னு நினைக்காதீங்க, இது குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ், அதாவது உலகத்தோட நோய்ச்சுமைக் கணக்கு.)

அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டியோட ஐ.ஹெச்.எம்.இ.ங்கிற சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் நடத்துற சைட், காசு கிடையாது. உள்ள போனா பெரிய சதுரத்துக்குள்ள கட்டம் கட்டமா நோய்கள் இருக்கும். நீலம் தொத்தாத நோய், சிவப்பு தொத்து நோயும் பிரசவ, ஊட்டச்சத்துப் பிரச்சனைகளும், பச்சை விபத்து தற்கொலை மாதிரி. கட்டம் பெருசா இருந்தா சாவு அதிகம், அவ்ளோதான்.

இதுல சூப்பரான ஐட்டம் லெவல் மாத்துற ஸ்லைடர். 2ல வச்சா இதயம், ரத்தக்குழாய் நோய் எல்லாம் ஒரே கட்டம், கேன்சர் மொத்தமும் ஒரே கட்டம். 3க்கு தள்ளுனா ஹார்ட் அட்டாக் பக்கம் தனி, ஸ்ட்ரோக் தனி, கேன்சர் நுரையீரல், வயிறு, மார்பகம்னு துண்டு துண்டா போயிடும், 4க்கு போனா ஸ்ட்ரோக்கே அடைப்பு, மூளைக்குள்ள கசிவு, மூளையைச் சுத்தி கசிவுன்னு மூணா உடையும். செத்தவங்க அதே ஆளுங்கதான், ஆனா எது முன்னாடி எது பின்னாடிங்கிற வரிசை மாறிடுது! வாட்ஸப்ல சுத்துற "டாப் 10 உயிர்க்கொல்லி" லிஸ்ட்டை எல்லாம் இதுக்கப்புறம் நம்பவே தோணல, எந்த லெவல்ல வெட்டுனாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்லயே.

இப்ப கொஞ்சம் உள்ள போவோம். டெத் சர்டிஃபிகேட்ல டாக்டர் கடைசியா என்ன ஆச்சு, அது எதனால, அது எதனாலன்னு கீழ கீழ எழுதிட்டு போவாரு, அடியில இருக்குற மூல காரணம்தான் கணக்குல ஏறும். பல வருஷமா சுகர், அதனால கிட்னி போச்சு, கடைசியில நிமோனியா வந்து போயிட்டாருன்னா மூணும் சேர்ந்துதான் ஆளைக் கொண்டுபோச்சு, ஆனா அவருக்கு ஒரு கட்டம்தான். இதுல நிறைய சர்டிஃபிகேட்ல வெறும் "கார்டியாக் அரெஸ்ட்", "வயோதிகம்"னு இருக்கும். அட, செத்தா யாருக்குத்தான் இதயம் நிக்காது? இந்த மாதிரி உபயோகமில்லாத காரணக் குறியீடுகளுக்கு கார்பேஜ் கோடு (code), அதாவது குப்பைக் குறியீடுன்னே பேரு, அதை எல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாடல் போட்டு மத்த நோய்களுக்கு பிரிச்சுக் குடுத்துடறாங்க. டாக்டரே பார்க்காத சாவுன்னா வீட்டுக்காரங்ககிட்ட காய்ச்சல் இருந்துச்சா, மூச்சு வாங்குச்சான்னு கேள்வி கேட்டு காரணத்தை ஊகிக்கிறது, வெர்பல் அட்டாப்சின்னு சொல்லுவாங்க. பதிவே ஆகாத சாவு வேற.

ஆக இந்த நம்பர்ல மதிப்பீடும் நிறைய கலந்திருக்கு, அதனால கட்டத்து மேல மவுஸை வச்சு, குறைஞ்சது இவ்ளோ அதிகபட்சம் இவ்ளோன்னு வர்ற ரேஞ்சைக் கண்டிப்பா பாருங்க. எனக்கு இதுலதான் குறை, ரேஞ்ச் ஒளிஞ்சு கெடக்கு, கட்டத்தோட கோடு மட்டும் ஏதோ அளந்து வச்ச மாதிரி நறுக்குன்னு இருக்கு.

ரிஸ்க் ஆப்ஷனும் இருக்கு, சிகரெட், பிபின்னு செலக்ட் பண்ணா அதோட பங்கு காட்டும். ஆனா தனித்தனியா எடுத்த பங்கை எல்லாம் கூட்டிடாதீங்க, ஒரே ஹார்ட் அட்டாக்குல சிகரெட், பிபி, சாப்பாடு மூணுக்கும் கை இருக்கும், கூட்டுனா 100 சதவீதத்தைத் தாண்டிக்கூட போகும். சாவு எண்ணிக்கைக்கு பதிலா இழந்த ஆயுசு வருஷத்துக்கு மாத்திப் பாருங்க, வயசானவங்க நோய் சுருங்கி குழந்தைங்க சாவு பெருசாகுறது தெரியும்.

5க்கு 4 ஸ்டார். பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்காவது அனுப்புனா லெவலும் வருஷமும் தெரியற மாதிரி எடுங்க.