கண்புரையைக் கரைக்கும் என்று விற்கிற சொட்டு மருந்து: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மதிப்புரை

தங்கச்சிமடத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் போகிற போக்கில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஆபரேஷன் இல்லாம புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து வந்திருக்காமே, உங்க கடையில இருக்காம்மா?" போனில் வந்த விளம்பரத்தையும் காட்டுவார்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது என்றால் முகம் வாடிவிடும். சிலர் ராமநாதபுரம் வரை போய்த் தேடிவிட்டு, கடைசியில் நெட்டில் ஆர்டர் போட்டு விடுகிறார்கள். அப்படி வந்த ஒரு பெட்டியைப் பிரித்துப் படித்தேன், அதை ஊற்றிக்கொண்டவரையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி வந்தது என் பெரியம்மாவுக்கு. பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கிறார். பாசி எடுப்பதுதான் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். வலது கண்ணில் புரை விழுந்த பிறகு, "பாறையும் பாசியும் ஒரே நெறமாத் தெரியுது ஆத்தா, தடவித் தடவித்தான் எடுக்குறேன்" என்றார். பாறை இடுக்கில் தடவினால் கையைக் கிழிக்கும். பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருக்கிற மருமகன் இதைக் கேட்டுப் பதறிப்போய், நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டு மருந்தை வாங்கி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினார். மாமியார் மேல் அவ்வளவு பிரியம்.

பெட்டிக்குள் 5 மி.லி. குப்பிகள் இரண்டு. லேபிளை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். மருந்துப் பொருள் என்று போட்டிருந்தது கிளிசரின், கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். இரண்டும் கண் வறட்சிக்குப் போடுகிற வழவழப்புப் பொருள்கள். புரையைக் கரைப்பதாக விளம்பரம் பேசுகிற என்-அசிட்டைல் கார்னோசின் கீழே, மற்ற சேர்மானங்களின் வரிசையில், பொடி எழுத்தில் இருந்தது. எதற்கான மருந்து என்ற இடத்தில் "கண் வறட்சி, எரிச்சல்" என்று மட்டும் இருந்தது. புரை என்ற பேச்சே பெட்டியில் எங்கும் இல்லை. விளம்பரத்தில் வாய் கிழியச் சொன்னதை, சட்டம் பார்க்கிற இடத்தில் சொல்ல அவர்களுக்குத் துணிவு இல்லை. யாராவது இப்படி ஒரு மருந்தை வாங்கி வைத்திருந்தால், முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மருந்து ஊற்றியதும் பெரியம்மாவுக்கு நன்றாகத்தான் இருந்தது. "குளுகுளுன்னு இருக்கு, கொஞ்சம் தெளிஞ்ச மாதிரியும் இருக்கு" என்றார். அது பொய்யில்லை. உப்புக் காற்றிலும் வெயிலிலும் கிடக்கிற நம் ஊர்க் கண்கள் காய்ந்து போயிருக்கும். வழவழப்பான சொட்டு விழுந்ததும் கண்ணின் மேற்பரப்பு சீராகி, கொஞ்ச நேரம் பார்வை துலங்கும். எங்கள் கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கிற செயற்கைக் கண்ணீரும் இதையே செய்யும். இப்படித் துலங்குவதை வைத்துத்தான் நெட்டில் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

புரை இருக்கிற இடமே வேறு. கருவிழிக்குப் பின்னால், அதன் நடுவில் பாப்பா என்கிறோமே அந்தக் கறுப்புத் துளைக்கும் பின்னால், ஒரு மெல்லிய உறைக்குள் லென்ஸ் இருக்கிறது. அதில் ரத்தக் குழாய் கிடையாது. தண்ணீர் போக, கிரிஸ்டலின் என்ற புரதம்தான் அதன் பெரும்பகுதி. லென்ஸின் நடுவில் இருக்கிற அந்தப் புரதம் பிறந்ததிலிருந்து நம்மோடே இருப்பது, தோலைப் போலப் பழையது போய்ப் புதியது வராது. வயதாலும் வெயிலாலும் சர்க்கரையாலும் அது உருக்குலைந்து கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்போது ஒளி உள்ளே போகாமல் சிதறுகிறது. அதுதான் புரை. கண்ணில் ஊற்றுகிற சொட்டில் பெரும்பகுதி கன்னத்தில் வழியும், இல்லாவிட்டால் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் போய்விடும். சில சொட்டு மருந்து தொண்டையில் கசப்பது அதனால்தான். கண்ணுக்குள் இறங்குவது நூற்றில் ஐந்து பங்குகூட இருக்காது. அந்தத் துளி லென்ஸின் உறையைத் தாண்டி, உள்ளே இறுகிப்போன புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

அதற்காக ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நடந்திருக்கிறது. 2015இல் லானோஸ்டீரால் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாக நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. உலகமே பேசியது. வாட்ஸப்பில் இன்றும் சுற்றுகிற "ஆபரேஷனுக்கு இனி வேலையில்லை" செய்திக்கு மூலம் அதுதான். அதே ஆண்டு நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆபரேஷனில் எடுத்த 40 மனிதப் புரைகளில் ஒரு பகுதியை லானோஸ்டீரால் கரைசலிலும் மீதியைச் சாதாரணக் கரைசலிலும் 6 நாள் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். தெளிவு திரும்பவில்லை. சொட்டாக ஊற்றியதுகூட இல்லை, முழுக்க முங்க வைத்தும் கரையவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. பெரியம்மாவுக்கு வந்த கார்னோசின் மருந்தைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற காக்ரேன் குழு 2017இல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, அது புரையைக் குறைக்கும் என்பதற்கோ வளராமல் தடுக்கும் என்பதற்கோ நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே எழுதியது. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ இன்றுவரை புரைக்கென்று ஒரு சொட்டு மருந்தையும் அனுமதிக்கவில்லை. நாளைக்கு வரலாம். வந்தால் முதல் ஆளாக நானே எழுதுகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2024இல் "கண்ணாடியே வேண்டாம், சொட்டு மருந்து போதும்" என்று பேப்பரிலெல்லாம் வந்தது ஞாபகம் இருக்கும். அது வெள்ளெழுத்துக்கான, அதாவது வயதானால் கிட்டத்து எழுத்து தெரியாமல் போவதற்கான, பைலோகார்பின் சொட்டு, புரைக்கானது இல்லை. அனுமதித்த அளவுக்கு மீறி நிறுவனம் விளம்பரம் செய்ததால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த செப்டம்பரிலேயே அனுமதியை நிறுத்தி வைத்தது. அந்த மருந்து பாப்பாவைச் சுருக்கும். நடுவில் புரை இருக்கிறவருக்குப் பாப்பா சுருங்கினால் இருக்கிற பார்வையும் மங்கும். கண் சிவந்தால் டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக் கணக்கில் ஊற்றுகிறவர்கள் நம் கடற்கரையில் நிறைய. அது புரையைக் கரைக்காதது மட்டுமா, புரையை வரவழைக்கும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை, அதற்காகத் திட்டு வாங்கியும் இருக்கிறேன். மூக்கோரத்திலிருந்து வெள்ளை விழியில் வளர்ந்து வருகிற சதையையும் புரை என்று நினைத்து வருகிறார்கள். அது வேறு நோய். தேன், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மருமகனுக்கு நானே போன் போட்டேன். "மச்சான், இதை நிறுத்திட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அப்ப அது டூப்ளிகேட்டா தாயி?" என்று கேட்டார். மருந்து டூப்ளிகேட் இல்லை மச்சான், வறட்சிக்கு நல்ல மருந்துதான், புரைக்கு என்று சொன்ன பேச்சுதான் பொய் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தைகிட்ட காசைப் பத்திச் சொல்லிராத" என்றார்.

பெரியம்மா ஆபரேஷனுக்குப் பயந்ததைவிட, அதற்குப் பிறகு ஒரு மாதம் கடலில் முங்கக் கூடாது என்பதற்குத்தான் பயந்தார். பாசி எடுக்காத நாளில் வீட்டில் காசு இல்லை. சொட்டு மருந்து விற்கிறவர்கள் இந்தப் பயத்தின் மேல்தான் கடை விரிக்கிறார்கள். என் கோபமெல்லாம் அதில்தான். நாலாயிரத்தைக்கூட விட்டுத் தள்ளலாம். ஊற்றிக்கொண்டே காத்திருக்கிற மாதங்களில் புரை முற்றிக்கொண்டே போகும். முற்றினால் லென்ஸ் கடினமாகும், ஆபரேஷனும் கஷ்டமாகும். சிலருக்குப் புரதம் கசிந்து கண் அழுத்தம் ஏறி, வலியும் சிவப்புமாகப் பார்வையே போகும் நிலை வரும். "புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று இன்னும் சொல்கிறார்களே, அது பழைய காலத்து முறைக்குச் சொன்னது. வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றும்போதே எடுத்துவிடலாம்.

விசைப்படகுத் தடைக்காலத்தில் நாள் குறித்தோம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு போகாது, மகன் வீட்டில் இருப்பான், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. மதுரையில் கண்ணை மரக்கச் செய்து, சின்னக் கீறல் போட்டு, கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் புது லென்ஸை வைத்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த இந்த லென்ஸை மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் 1992இலிருந்து இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏழைக்கும் எட்டுகிற விலைக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரியிலும் முகாம்களிலும் இலவசமாகவே வைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கிருமிக்கும் வீக்கத்துக்கும் எழுதிக் கொடுக்கிற சொட்டு மருந்து இருக்கிறதே, அதை ஒருவேளைகூட விடாதீர்கள். குப்பி முனை இமையில் படாமல், கையைக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும்.

கட்டு எடுத்த மறுநாள் பெரியம்மா ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கண்ணுக்குச் சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு ஆத்தா, அந்தக் கண்ணுக்குப் பழுப்பாத் தெரியுது. இத்தனை நாளா இப்படித்தான் பாத்தேனா?" இடது கண்ணிலும் ஆரம்பம் இருக்கிறது. அதற்கு அவரே தேதி கேட்டு வைத்திருக்கிறார்.

மதிப்பெண் கேட்டால், வறட்சிக்கு இந்த மருந்து பரவாயில்லை, விலைதான் அநியாயம். புரைக்கு ஒன்றுமே கொடுக்க மாட்டேன்.

முகாமுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது ஆதார் அட்டை, சுகர் ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வீட்டு ஆம்பளைகள் யாராவது மூத்திரம் தடையில்லாமல் போவதற்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டிருந்தால், நிறுத்திவிட்டிருந்தாலும்கூட, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கருவிழித் திரை ஆபரேஷன் நேரத்தில் தொளதொளவென்று ஆகும். முன்னாலேயே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராக இருப்பார்.