பாலே பாவாடைக்குத் தீத்தடுப்பு: கார்த்தரோன் கரைசல் எப்படி?

துணி பற்றாமலிருக்க கார்த்தரோன் என்பவர் உருவாக்கிய கரைசல்; ஓபராவும் பாலேயும் நடக்கும் பாரிஸ் ஓபரா அரங்கில் 1859 நவம்பரில் அரசாணை போட்டுக் கட்டாயமாக்கிய சரக்கு இது. மேடைக்கு வரும் திரை, படுதா, உடை எதுவானாலும் கார்த்தரோன் முறைப்படி நனைத்து எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும் என்றது ஆணை. அந்தக் காலத்து அரங்குக்கு வாங்குவதாக வைத்துப் பார்ப்போம்: திரைக்கும் படுதாவுக்கும் தயங்காமல் வாங்கலாம். பாலே பாவாடைக்கு என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

முறை எளிது. துணியை உப்புக் கரைசலில் முக்கி, பிழிந்து, உலர்த்த வேண்டும். நீர் வற்றியதும் உப்பு நூலிழையோடு தங்கிவிடும். இதன் அடிப்படையை 1821-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் சோதித்துச் சொல்லிவிட்டார். வெண்காரம் போன்ற உப்பு சூட்டில் உருகி, இழையைக் கண்ணாடிப் படலம்போல் மூடி, காற்றை அண்டவிடாது. அம்மோனியம் உப்புகள் சிதைந்து, எரியாத வாயுவை வெளிவிட்டுச் சுடரை நீர்க்கச் செய்யும். துணி கருகும், ஆனால் குபீரென்று பற்றாது. பக்கத்தில் நிற்பவர் ஈரப் போர்வையோடு ஓடிவர அந்த அவகாசம் போதும்.

அந்த அவகாசம் எவ்வளவு தேவை என்பதற்கு மேடையைப் பார்த்தால் போதும். ஓபராவின் லெ பெலெத்தியே அரங்கில் 1822 முதல் வாயுவிளக்கு. பக்கத்திரைகளின் ஓரத்தில் சுடர்கள் எரிந்துகொண்டிருக்கும். ஆடுபவர் கட்டியிருப்பதோ கெண்டைக்கால் வரை இறங்கும் மஸ்லின், டார்லட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணி அடுக்குகள். பருத்தி, நடுநடுவே காற்று: அடுப்பில் சுள்ளி அடுக்குவதும் இப்படித்தான். லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் இப்படி எரிந்து இறந்தது 1844-ல். ஆபத்து யாருக்கும் புதிதில்லை.

இனி குறைகள். நனைத்த பாவாடை விறைத்துப் போகிறது. வெண்மை மங்கி அழுக்கேறியதுபோல் தெரிகிறது. நீரில் கரையும் உப்பு என்றால் வேறு தொல்லைகளும் உண்டு. ஒருமுறை துவைத்தால் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும், திரும்ப முக்க வேண்டும். சில உப்புகள் இஸ்திரிச் சூட்டிலேயே சிதையும். திரைக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, அதை யார் துவைத்து இஸ்திரி போடப் போகிறார்கள்? பாவாடைக்கு இவையே எல்லாம்.

ஏன் என்பதற்கு பாரிஸ் ஓபராவின் பாலே நடனக்காரர் எம்மா லிவ்ரியைப் பார்க்க வேண்டும். 1858-ல், 16 வயதில், 'லா சில்ஃபீட்' பாலேயில் அறிமுகமானவர். அந்தப் பாத்திரத்தைப் புகழாக்கிய மரி தாலியோனியே பிறகு அவருக்கு ஆசிரியர் ஆனார். 1860-ல் அவருக்காக 'லெ பாப்பியோன்' பாலேயை அமைத்தார். பட்டாம்பூச்சியாக மாறிய பெண்ணின் சிறகு தீப்பந்தத்தில் கருகும் கதை அது. லிவ்ரியின் பலம் எடையே இல்லாததுபோல் எழும் தாவல். உடல் மேலே போகும்போது பாவாடை பின்தங்கி விரிய வேண்டும். கால் தரை தொட்ட பிறகும் துணி ஒரு கணம் தாமதித்து அமர வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு மிதப்பாகத் தெரிவதில் பாதி இந்தத் தாமதம்தான். விறைத்த துணி இதைச் செய்யாது. உடம்போடு எழும், உடம்போடு விழும்.

அதனால் 1860 மே மாதம் ஓபராவின் இயக்குநருக்கு லிவ்ரி எழுதிக் கொடுத்தார்: வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் கடிதம். அவரை வீம்புக்காரி என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆணை இருந்தது, இயக்குநர் இருந்தார், பக்கத்திரையில் மூடாத சுடரும் இருந்தது. பொறுப்பை ஆடுபவரின் கையெழுத்தில் கட்டிவைத்தது பெரும் தவறு.

1862 நவம்பர் 15, 'போர்ட்டிச்சியின் ஊமைப் பெண்' என்ற ஓபராவின் ஒத்திகை. உட்காரும்போது கசங்காமலிருக்கப் பாவாடையைத் தூக்கி விரித்தார். கிளம்பிய காற்றில் விளக்குச் சுடர் துணியைத் தொட்டது. எரிந்துகொண்டே மேடையில் ஓடினார். தீயணைப்பு வீரர் போர்வையால் மூடியபோது உடை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. எட்டு மாதம் வதைபட்டு 1863 ஜூலை 26-ல் இறந்தார், வயது 20. படுக்கையில் கிடந்தபோதும், கரைசலில் நனைத்த பாவாடைகள் ஆபத்துக் குறைந்தவைதான், ஆனால் அவ்வளவு அழகில்லாததை மேடையில் கட்டமாட்டேன் என்றே சொன்னார்.

இதற்கு முன்பே, 1859 வாக்கில், லண்டனில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இரு வேதியியலாளர்கள் பல உப்புகளை மஸ்லினிலேயே சோதித்தார்கள். அவர்கள் தேர்ந்தது சோடியம் டங்ஸ்டேட். காரணம், அதில் நனைத்த துணிக்கு இஸ்திரி போடலாம். டங்ஸ்டேட் தனியாக நாளடைவில் எளிதில் கரையாத உப்பாக மாறிப் படியும். அதைத் தடுக்கச் சுமார் 3 சதவீதம் சோடியம் பாஸ்பேட் சேர்த்தார்கள். துணியைக் கட்டுபவரிடமிருந்து தொடங்கி யோசித்த முறை இது. கார்த்தரோன் கரைசல் யோசித்தது நெருப்பை மட்டும்தான்.

என் தீர்ப்பு: தீயைத் தடுப்பதில் நம்பலாம், அரங்கப் பொருள்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடைக்கு இதை வாங்கும் முன் விளக்குக்குக் காப்பு போடுங்கள், பக்கத்திரைதோறும் ஈரப் போர்வை வையுங்கள். லிவ்ரி உடையில் எரியாமல் எஞ்சிய கந்தல்கள் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.