30 ரூபாய்ப் பெட்ரோலில் தொடங்கிய ஸ்ப்ளெண்டர்: இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம்

2002இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை இன்றும் ஓட்டி வருகிறேன். செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் வேலைக்குப் போய் வருவதே அதன் முக்கியமான ஓட்டம். வண்டியும் மாறவில்லை, வழியும் மாறவில்லை. ஆகவே பெட்ரோல் செலவு எப்படி மாறியது என்பதை இந்த வண்டியைக் கொண்டே தெளிவாகச் சொல்ல முடிகிறது.

வாங்கிய புதிதில் லிட்டர் 30 ரூபாயை ஒட்டி இருந்தது. 300 ரூபாய் சொச்சத்தில் டேங்க் நிரம்பிவிடும். 65 கிலோமீட்டர் மைலேஜ் கிடைத்ததால் கிலோமீட்டருக்கு 50 பைசாகூட ஆகவில்லை. அந்த விலையை இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். ஆனால் அப்போது டீ இரண்டு, மூன்று ரூபாய். சம்பளமும் அதற்கேற்பவே இருந்தது. இன்று டீ 12 முதல் 15 ரூபாய் வரை விற்கிறது. பெட்ரோலோ மூன்றரை மடங்குக்குள்தான் ஏறியிருக்கிறது. அந்த 30 ரூபாய் அன்றைய குடும்பக் கணக்கில் சிறிய தொகை அல்ல என்பதே என் கருத்து.

உண்மையில் நான் இழந்ததாக நினைப்பது வேறொன்று. விலை ஏறினால் ஒருநாள் இறங்கவும் செய்யும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. 2008 ஜூனில் 50 ரூபாயைத் தாண்டிய பெட்ரோல், கச்சா எண்ணெய் சரிந்ததும் அந்த டிசம்பரில் 5 ரூபாயும், 2009 ஜனவரியில் மேலும் 5 ரூபாயும் குறைந்தது. ‘விலை உயர்வு நள்ளிரவு முதல் அமல்’ என்று செய்தி வந்தால், பழைய விலையில் போட்டுக்கொள்ள பங்க் வாசலைத் தாண்டிச் சாலை வரை வண்டிகள் நிற்கும். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை தினந்தோறும் மாற்றியமைக்கப்படலாயிற்று. அதன் பிறகு பைசா பைசாவாக ஏறியதால், ஏறியதே தெரியாமல் போனது.

2020இல் நடந்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே போனபோது, பங்க்கில் விலை இறங்கவில்லை. மே மாதம் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் உயர்த்தியது. தமிழ்நாட்டிலும் வாட் வரி கூடியது. ஊரடங்கில் வருமானம் இழந்து, இரு சக்கர வண்டியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அந்தச் சரிவின் பயன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2021 ஜூலையில் சென்னையில் 100 ரூபாயைத் தாண்டிய விலை, மாநில அரசு 3 ரூபாய் குறைத்ததால் ஆகஸ்டில் சற்றே கீழிறங்கியது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கப்பட்ட பின்னும் 100க்கு மேலேயே நின்றது.

வண்டியைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. இன்ஜின் சத்தம் சற்றுக் கூடியிருக்கிறது. நெரிசலாலும் வயதாலும் மைலேஜ் 55க்கு வந்துவிட்டது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் அதற்குக் கீழே போவதில்லை. முன்பு ஃபுல் டேங்க் போட்டவன், இப்போது 200 ரூபாய்க்குப் போட்டுக்கொள்கிறேன். அதனால் டேங்குக்குக் கீழே இருக்கும், ரிசர்வ் பெட்ரோலைத் திறக்கும் திருகிக்கு இடது கை அடிக்கடி போகிறது.